பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான கிங் கிரிம்சனின் நேரலை இசைத்தட்டுகள்: ‘எர்த்பவுண்ட்’ வாங்கலாமா, ‘யுஎஸ்ஏ’ வாங்கலாமா?

ஒலித்தரம்: 1972இல் வெளிவந்த ‘எர்த்பவுண்ட்’, அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின்போது கேசட்டில் பதிவானதால் கரகரப்பு மிகுந்தது. 1975இல் வந்த ‘யுஎஸ்ஏ’ தெளிவானது.

வாசிப்பு: முன்னதில் மெல் காலின்ஸின் சாக்சபோனும் போஸ் பர்ரெலின் குரலும் ப்ளூஸ் என்னும் ஆப்பிரிக்க அமெரிக்க இசைவகையின் பக்கம் சாய்கின்றன. பின்னதிலோ, ஜான் வெட்டனின் பேஸ் கிட்டாரும் பில் புரூஃபோர்டின் டிரம்ஸும் ராபர்ட் ஃபிரிப்பின் கிட்டாரோடு இறுக்கமாகப் பிணைந்து செல்ல, ‘ஆஸ்பரி பார்க்’ என்னும் முன்திட்டமற்ற வாசிப்பு ஒன்றே கொடுத்த விலைக்கு ஈடாகிவிடுகிறது.

நம்பகத்தன்மை: ‘யுஎஸ்ஏ’யின் சில பகுதிகளில் எடி ஜாப்சனின் வயலின் பின்னர் ஸ்டுடியோவில் சேர்க்கப்பட்டது, நேரலை என்ற பெயருக்கு இது சற்று உறுத்தலே.

இக்குழுவைப் புதிதாகக் கேட்பவருக்கு ‘யுஎஸ்ஏ’ பொருந்தும். பாடல்களின் ஸ்டுடியோ வடிவங்களை நன்கறிந்து, அவை மேடையில் எவ்வளவு முரட்டுத்தனமாக உருமாறின என்று அறிய விரும்புவோர் ‘எர்த்பவுண்ட்’டை நாடலாம்.