பெடலைக் கழற்றிய பிறகுதான் பேலன்ஸ் வந்தது

மூத்தவளுக்கு நான்கு வயதில் பக்கச் சக்கரம் மாட்டிய சைக்கிள், இளையவனுக்கு இரண்டரை வயதில் பெடலே இல்லாத பேலன்ஸ் பைக். இரண்டு பேரும் இப்போது தனியாக ஓட்டுகிறார்கள். ஐந்து வருடம் இரண்டு வழியையும் பார்த்துவிட்டதால் கொஞ்சம் தைரியமாகவே சொல்கிறேன்: முதலில் பேலன்ஸ், பெடல் எல்லாம் அப்புறம்.

பக்கச் சக்கரத்தோடு மூத்தவள் முதல் நாளே ஓட்டிவிட்டாள், எங்களுக்கும் ஒரே பெருமை. ஒன்றரை வருடம் கழித்து அதைக் கழற்றினால் பத்தடி தாண்டவில்லை. ஏன் என்று பிறகுதான் உறைத்தது. இரண்டு சக்கர வண்டி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஹேண்டில்பாரைத் திருப்பினால்தான் நிமிரும். பக்கச் சக்கரம் வண்டியைச் சாயவே விடாது, அப்புறம் அந்தத் திருப்பல் எப்படிக் கைக்குப் பழகும்? போதாக்குறைக்கு, வளைவுகளில் வெளிப்பக்கமாகச் சாய்ந்து அந்தக் குட்டிச் சக்கரத்தின் மேல் பாரத்தைப் போட்டே பழகியிருந்தாள். அதை மறக்கடிப்பதுதான் பெரும்பாடு. சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே குனிந்து ஓடி என் முதுகு போனதுதான் மிச்சம்.

கடைசியில் இரண்டு பெடலையும் கழற்றினேன். இடது பெடலின் மரை தலைகீழாக இருக்கும், கடிகாரச் சுற்றில் திருகினால்தான் கழலும். அது தெரியாமல் ஸ்பேனரில் தொங்கி அதை இன்னும் இறுக்கித் தொலைத்தேன். சீட்டையும் இறக்கி, உட்கார்ந்தால் இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் படும்படி வைத்தேன். முதல் நாள் நடந்தாள், அடுத்த நாள் உந்தினாள், நான்காம் நாள் லேசான புல் சரிவில் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு சறுக்கிவந்தாள், முகத்தில் அப்படியொரு சிரிப்பு. அந்த வாரக் கடைசியில் பெடலைத் திரும்ப மாட்டியதும் ஓட்டிவிட்டாள். 1817இல் கார்ல் டிரைஸ் ஜெர்மனியில் ஓட்டிக் காட்டிய இருசக்கர வண்டிக்கே பெடல் கிடையாது, காலால் உந்தித்தான் போகணும். இருநூறு வருடம் கழித்து நான் அதைக் கண்டுபிடித்தேன், சரி விடுங்கள்.

இளையவன் முதல் இரண்டு வாரம் பேலன்ஸ் பைக்கைத் தொடவே இல்லை. அப்புறம் சீட்டில் உட்காராமல் அதைக் காலுக்கு நடுவில் வைத்து நடந்துகொண்டே இருந்தான். அவசரப்படுத்தாமல் விட்டதுதான் நான் செய்த ஒரே நல்ல காரியம். நான்கு வயதில் பெடல் சைக்கிளில் ஏற்றியபோது, மிதிப்பது பிடிபடக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

குறையும் உண்டு. எங்கள் பேலன்ஸ் பைக்கில் பிரேக் இல்லை, நிறுத்துவதெல்லாம் காலால்தான், ஷூ முனை தேய்ந்து ஓட்டை விழுந்துவிட்டது. சரிவான இடத்துக்கு அதைக் கொண்டுபோகவே கூடாது. ஃபோம் டயர் பஞ்சர் ஆகாது என்பது நிஜம், ஆனால் கரடுமுரடான தரையில் கை அதிரும். பெரிய குறை, ஒன்றரை வருடத்தில் சீட்டை அதற்கு மேல் ஏற்ற முடியாமல் போனது. அதனால் பிள்ளைக்கு நான்கு வயது ஆகிவிட்டால் தனியாகப் பேலன்ஸ் பைக் வாங்கத் தேவையில்லை, கனம் குறைந்த சின்ன சைக்கிளில் பெடலைக் கழற்றினாலே போதும். இரண்டு வயதுக்கு அது தாங்காது, ரொம்பக் கனம். வளர்ந்துவிடுவான் என்று ஒரு சைஸ் பெரிசாகவும் வாங்காதீர்கள், கால் எட்டாத வண்டியில் பயம்தான் வளரும்.

பக்கச் சக்கரத்தில் மூத்தவளுக்குக் கிடைத்த ஒரே லாபம், மிதிப்பதும் பிரேக்கும் முன்பே பழகிவிட்டன. இளையவனோ பெடல் சைக்கிளிலும் பிரேக்கை மறந்து காலைக் கீழே விட்டான், சுழன்ற பெடல் முழங்காலுக்குக் கீழே எலும்பில் அடித்து இரண்டு மூன்று நாள் அழுகை. விசாரித்ததில், பிரேக் லீவரே அவன் விரலுக்கு எட்டவில்லை. லீவர் பக்கத்தில் இருந்த சின்ன திருகை உள்ளே திருகி அதைக் கிட்டே கொண்டுவந்த பிறகுதான் கையால் நிறுத்த ஆரம்பித்தான்.