பத்து நிமிடப் படத்துக்கு ஒரு மணி நேரத் தேடல்

பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க நல்ல அனிமேஷன் குறும்படம் ஒன்று வேண்டும். படம் பத்து நிமிடம்தான், தேடவே ஒரு மணி நேரம் போய்விடுகிறது. நான் மாறி மாறிப் போய்ப் பார்த்த வழிகளை இங்கே அருகருகே வைத்துப் பார்க்கிறேன்.

எல்லோரும் முதலில் போவது யூடியூப். படத்தின் பெயர் தெரிந்தால் நொடியில் கிடைத்துவிடும். பெயர் தெரியாமல் போனால்தான் சிக்கல். பிள்ளை நேற்று பார்த்ததைப் போலவே இன்னும் நூறு வீடியோவை அது முன்னால் கொட்டும். புதிய வகைப் படம் ஒன்று அதில் தலைகாட்டுவது அபூர்வம். 2015-இல் வந்த யூடியூப் கிட்ஸ் கொஞ்சம் பரவாயில்லை. பெற்றோர் தேர்ந்தெடுத்த சேனல்களை மட்டும் காட்டும்படி அதில் அமைக்கலாம். ஆனால் எதைத் தேர்ந்தெடுப்பது? கேள்வி நம்மிடமே திரும்பி வந்துவிடுகிறது.

அடுத்தது விருதுப் பட்டியல். ஆஸ்கரில் அனிமேஷன் குறும்படத்துக்கு 1932 முதல் விருது தருகிறார்கள். 40 நிமிடத்துக்குள் முடிந்தால் குறும்படக் கணக்கு. பிரான்சின் அன்னெசி நகரில் 1960 முதல் அனிமேஷனுக்கென்றே விழா நடக்கிறது. இந்தப் பட்டியல்களில் தரத்துக்குக் குறைவிருக்காது. ஆனால் தேர்ந்தெடுத்தவர்கள் குழந்தைகளை மனதில் வைத்துத் தேர்ந்தெடுக்கவில்லை. மைக்கேல் டுடாக் டி விட்டின் 'ஃபாதர் அண்ட் டாட்டர்' ஆஸ்கர் வாங்கிய படம், ஒரு வசனம்கூடக் கிடையாது. படகேறிப் போன அப்பாவுக்காக ஒரு பெண் கரைக்குத் திரும்பத் திரும்ப வருகிறாள். எங்கள் வீட்டில் அது எட்டு நிமிடத்தில் முடிந்தது, "அப்பா ஏன் வரல?" என்ற கேள்வி மட்டும் இரண்டு நாள் ஓடியது. பத்து வயதுக்கு மேல் என்றால் தயங்காமல் காட்டுவேன். ஐந்து வயதுக்குக் காட்டியது என் அவசரம்.

பிக்சாரின் குறும்படங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1986-இல் வந்த 'லக்ஸோ ஜூனியர்' இரண்டே நிமிடம், இரண்டு மேசை விளக்குகள், ஒரு பந்து. இன்றைக்கும் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். கட்டணம் கட்டினால் பெரும்பாலானவை ஒரே இடத்தில் கிடைக்கும். சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதுதான் குறை.

என் ஓட்டு கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்துக்கு. 1939-இல் தொடங்கிய அரசு நிறுவனம். பல பத்தாண்டுகளாக எடுத்த படங்களைத் தன் இணையதளத்தில் இலவசமாகப் போட்டு வைத்திருக்கிறது. வரைந்தது, களிமண், வெட்டிய காகிதம், ஃபிலிம் மேலேயே கீறியது என்று ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. இந்த வகைவகையான கைவேலை மற்ற இடங்களில் இவ்வளவு கிடைக்காது. கார்டெல் பார்க்கரின் 'தி கேட் கேம் பேக்' (1988) படத்தில் ஒரு கிழவர் பூனையைத் துரத்தத் துரத்த அது திரும்பி வந்துகொண்டே இருக்கும். மொழி புரியாத பிள்ளையும் விழுந்து விழுந்து சிரிக்கும். ஆனால் இங்கேயும் கண்ணை மூடிக்கொண்டு நுழைய முடியாது. அதே சேகரிப்பில் நார்மன் மெக்லாரனின் 'நெய்பர்ஸ்' (1952) இருக்கிறது. ஒரு பூவுக்காக இரண்டு அண்டை வீட்டுக்காரர்கள் செத்து விழும்வரை அடித்துக்கொள்ளும் படம். தொடக்கத்தைப் பார்த்தால் விளையாட்டுப் போலத்தான் இருக்கும்.

அனிமேஷன் செய்ய உதவும் பிளெண்டர் மென்பொருளை உருவாக்குபவர்கள் எடுக்கும் திறந்த உரிமப் படங்களும் உண்டு. சட்டப்படியே இறக்கிக்கொள்ளலாம், பள்ளியில் திரையிடலாம், இணைய இணைப்பே இல்லாத இடத்திலும் போடலாம். இந்த வசதியில் மேலே சொன்ன எதுவும் இதன் பக்கத்தில் நிற்காது. எண்ணிக்கைதான் குறைவு. முயல் ஒன்று தொல்லை தருபவர்களைப் பழிவாங்கும் 'பிக் பக் பன்னி' (2008) சின்னவர்களுக்கு. குட்டி டிராகனைத் தேடிப் போகும் 'சின்டெல்' (2010) அட்டையில் அழகாக இருக்கும், முடிவு நெஞ்சை அறுக்கும். பெரியவர்கள் முதலில் தனியாகப் பார்ப்பது நல்லது.

இப்போது நான் செய்வது இது. ஒரு படம் பிடித்துவிட்டால், கடைசியில் ஓடும் பெயர்களில் இயக்குநரைக் குறித்துக்கொண்டு அவரைத் தேடுகிறேன். பூனைப் படத்துக்குப் பிறகு பார்க்கர் பெயரை வைத்துத் தேடியபோதுதான் கட்டுப்பாடு இழந்து ஓடும் ரயிலைப் பற்றிய 'ரன்அவே' (2009) கிடைத்தது. அதைத் தனியாகப் பார்த்தேன். இன்னும் இரண்டு வருடம் போகட்டும் என்று எடுத்து வைத்திருக்கிறேன்.