சி.டி. 100க்கு அகன்ற ரிம் செட்: மலைப்பாதையில் ஒரு மழைக்காலம் ஓட்டிய பின்

பஜாஜ் சி.டி. 100 மோட்டார் சைக்கிளுக்கென இலங்கை மலையக நகரங்களின் உதிரிப்பாகக் கடைகளில் விற்கப்படும் அகன்ற அலுமினிய ரிம் செட் ஒன்றை வாங்கி, வீட்டு முற்றத்திலேயே ஸ்போக் கம்பி கோத்துப் பொருத்தி, தென்மேற்குப் பருவமழை தொடங்கி ஓயும் வரை டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா பாதைகளில் ஓட்டிய பின்னர் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ரிம் நல்லது, அதனுடன் தரப்படும் கம்பிகள் சுமார், கடைகளில் பரிந்துரைக்கப்படும் டயர் அளவு இந்த வண்டிக்கு ஒத்துவராது. ஒரு படி மட்டும் அகலப்படுத்தினால் தோட்டப் பாதைக்கு ஏற்ற வண்டி கிடைக்கும். இரண்டு படி ஏறினால் ஏற்றத்தில் திணறும் வண்டிதான் மிஞ்சும்.

2020ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் புதிய வண்டி வாங்க முடியாதவர்கள் கையில் இருந்ததையே திருத்தி, மாற்றி, ஓட்டப் பழகிக்கொண்டார்கள். தோட்டங்களில் சி.டி. 100 இவ்வளவு காலம் நின்று பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம். இந்த வண்டி முன்னால் 2.75-17, பின்னால் 3.00-17 டயர்களுடன் வருகிறது (முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது ரிம்மின் விட்டம், இரண்டும் அங்குலத்தில்). ஏறத்தாழ 100 சீசி எஞ்சினுக்கும் சமதரைப் பாதைக்கும் அந்த அளவே போதும். ஆனால் பிரதான வீதியிலிருந்து விலகிக் கருங்கல் பதித்த தோட்டப் பாதையில் பணிய லயத்துக்கு (கீழ்ப்பக்கத் தொழிலாளர் குடியிருப்புக்கு) இறங்கும்போது, கற்களின் இடுக்கில் ஒல்லியான சக்கரம் விழுந்து ஹாண்டில் ஒரு பக்கமாக இழுபடுவதை இங்கு வண்டி ஓட்டும் எவரும் அறிவர். அகன்ற டயர் மீதான ஆசை பாதி அதனால் வருவது. மீதிப் பாதி தோற்றத்துக்காக வருவது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

நான் வாங்கிய செட்டில் பின்சக்கரத்துக்கு 2.15 அங்குலம், முன்சக்கரத்துக்கு 1.85 அங்குலம் அகலமுள்ள, 36 துளையிட்ட இரண்டு 17 அங்குல ரிம்களும், அவற்றுக்கான கம்பிகளும், கம்பிகளை ரிம்மில் முடுக்கும் நிப்பிள்களும் இருந்தன. என் வண்டியின் பழைய பின் ரிம்மில் 1.60 என்று பொறிக்கப்பட்டிருந்தது. ஆகவே பின்சக்கரத்தில் கூடிய அகலம் ஏறத்தாழ 14 மில்லிமீற்றர், அதாவது ஒரு பக்கத்துக்கு 7. சக்கரத்தின் நடுப்பாகமான ஹப், பிரேக் டிரம், செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ரொக்கெட், அச்சு எதையும் மாற்ற வேண்டியதில்லை என்பதுதான் இந்த முறையின் பெரிய வசதி. வேறு வண்டியின் அலோய் வீலைக் கொண்டுவந்து மாட்டுவோர் ஸ்பேசர் கடைந்து, செயினை நேராக்கி, பிரேக் தட்டைப் பொருத்தி, கடைசியில் லேத் பட்டறைக்குக் கொடுக்கும் பணத்தில் இன்னொரு செட்டே வாங்கிவிடலாம்.

ரிம்மின் வேலைப்பாடு எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருந்தது. இரு முனைகளும் சேரும் இடத்தில் விரலை வைத்துத் தடவினால் மேடு தட்டவில்லை. நிப்பிள் துளைகள் ஹப்பின் பக்கமாகச் சரியான சாய்வில் குத்தப்பட்டிருந்தன. குறை என்னவென்றால், அளவைத் தவிரத் தயாரிப்பாளரின் பெயர் எங்கும் இல்லை. டி.ஐ.டி., எக்ஸல் போன்ற ஜப்பானிய ரிம்களில் பெயரும் அளவும் தெளிவாகப் பொறிக்கப்பட்டிருக்கும்; பெயரில்லாத ரிம்மை வாங்குபவர் கண்ணையும் கையையும் நம்பித்தான் வாங்க வேண்டும். கடையிலேயே இரண்டு ரிம்களையும் கண்ணாடி மேசை மீது படுக்க வைத்து, எங்காவது இடைவெளி தெரிகிறதா என்று பார்த்து எடுத்தேன். கடை முதலாளி அதற்கு முகம் சுளிக்கவில்லை என்பதைக் கடையின் நற்குணமாகவே குறிப்பிட வேண்டும்.

ஆனால் டயர் அளவு பற்றி அவர் சொன்னதை ஏற்க முடியவில்லை. "நூறு தொண்ணூறு போடுங்க தம்பி, பல்சருக்கு வாற சைஸ், பின்னால பார்க்க வண்டி நிறைஞ்சு நிக்கும்" என்றார். 100/90-17 என்றால் அகலம் 100 மில்லிமீற்றர், உயரம் அதில் 90 சதவீதம். அந்த உயரத்தை மேலும் கீழும் ரிம் விட்டத்தோடு கூட்டினால் சக்கரத்தின் மொத்த விட்டம் ஏறத்தாழ 612 மில்லிமீற்றர் வரும். 90/90-17இல் அதே கணக்கு 594 தருகிறது. இது பழைய 3.00-17க்கு மிக அருகில் உள்ள அளவு. 18 மில்லிமீற்றர் வித்தியாசம் பார்வைக்குச் சிறியது. ஆயினும் சக்கரம் மூன்று சதவீதம் பெரிதாவது, பின் ஸ்ப்ரொக்கெட்டில் ஒரு பல்லுக்கு மேல் குறைப்பதற்குச் சமம். நான்கே கியர் கொண்ட சிறிய எஞ்சின் இரண்டு பேரையும் ஒரு மூட்டை அரிசியையும் சுமந்து ஏறும்போது அந்த மூன்று சதவீதம் தெளிவாகத் தெரியும். மேலும் 2.15 ரிம் என்பது 100/90க்கு அனுமதிக்கப்பட்ட அகலங்களில் மிகக் குறைந்தது. 90/90க்கோ அதுவே உரிய அளவு. ரிம்மின் அகலத்துக்கு மீறிய டயரைப் போட்டால் அதன் விளிம்புகள் உள்ளே நெருக்கப்பட்டு, நடுப்பகுதி கூம்பாக எழும். காசு கொடுத்து வாங்கிய அகலம் தரையைத் தொடாமலே தேயாமல் கிடக்கும். ஆகவே பின்னால் 90/90-17, முன்னால் 80/100-17 என்று முடிவு செய்தேன்.

டயர் வாங்குவோர் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கங்களைப் பார்க்கத் தவறக்கூடாது. 2324 என்றிருந்தால் அது 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. இறக்குமதி தடைப்பட்ட காலத்தில் தேங்கிய சரக்கு இன்னும் சில அலுமாரிகளின் அடித்தட்டில் இருக்கிறது. டியூப்லெஸ் டயர் என்று கேட்டு வாங்கினாலும் கம்பி ரிம்மில் நிப்பிள் துளை வழியாகக் காற்று போகும் என்பதால், உள்ளே டியூப் போட்டே ஆக வேண்டும்.

பொருத்தும் வேலைக்கு வருகிறேன். பழைய சக்கரத்தைக் கழற்றும் முன், ரிம்மின் இரு ஓரங்களுக்கும் பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆமுக்கும் உள்ள இடைவெளியை அளந்து சுவரில் எழுதி வைப்பது அவசியம், ஏனெனில் ரிம் எப்போதும் ஹப்பின் நேர் நடுவில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பழைய கம்பிகள் ஒன்றையொன்று எங்கே கடக்கின்றன, எது ஹப்பின் உட்பக்கத்திலிருந்து வருகிறது, எது வெளிப்பக்கத்திலிருந்து வருகிறது என்பதைத் தொலைபேசியில் படமெடுத்து வைத்தால், கோக்கும்போது ஏற்படும் குழப்பத்தில் பெரும்பகுதி நீங்கிவிடும். உள் கம்பிக்கும் வெளிக் கம்பிக்கும் தலையின் வளைவு வேறு. செட்டில் இரண்டும் ஒரே கட்டாகக் கட்டப்பட்டிருந்ததால், முதலில் தரையில் சாக்கு விரித்து அவற்றைப் பிரித்து அடுக்கினேன். எல்லா நிப்பிள்களையும் விரலால் திருப்பும் அளவுக்கே முடுக்கி, 36 கம்பிகளும் ஏறிய பின்னர்தான் நிப்பிள் திருகும் சாவியை எடுக்க வேண்டும்.

கம்பிகளின் குறை இங்கேதான் வெளிப்பட்டது. பின்சக்கரத்தில் ஸ்ப்ரொக்கெட் பக்கத்துக் கம்பிகள் தேவையைவிடச் சற்று நீளமாக இருந்தன. இறுக்கி முடித்தபோது அவற்றின் நுனிகள் நிப்பிளைத் தாண்டி ரிம்மின் உட்புறத்தில் முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தன. அப்படியே விட்டால், காற்றடித்த டியூபை அவை முதல் குழியிலேயே துளைத்துவிடும். நீட்டிய ஒவ்வொரு நுனியையும் அரத்தால் ராவி, மேலே ரப்பர் பட்டி சுற்றிய பின்னரே தொடர்ந்தேன். செட்டோடு வந்த பட்டி 1.60 ரிம்முக்கு உரிய ஒடுங்கிய பட்டி. அகலமானதைத் தனியாக வாங்க வேண்டியிருந்தது. விற்பவர்கள் கவனித்திருக்க வேண்டிய விடயம் இது. வாங்குபவர்கள் கடையிலேயே பட்டியை ரிம்முக்குள் வைத்துப் பார்த்துவிடலாம்.

கோட்டம் எடுப்பதற்குத் தனி ஸ்டாண்ட் தேவையில்லை. வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை அச்சில் ஏற்றி, ஸ்விங் ஆமில் ஒரு கம்பித் துண்டைக் கட்டி அதன் நுனியை ரிம்மின் ஓரத்துக்கு அருகே நிறுத்தினால் அதுவே அளவுகோல். சக்கரத்தை மெதுவாகச் சுற்றும்போது ரிம் நுனியை நெருங்கும் இடத்தில், எதிர்ப்பக்கக் கம்பியைக் கால் சுற்று இறுக்கி, இந்தப் பக்கக் கம்பியைக் கால் சுற்று தளர்த்த வேண்டும். மேல் கீழாக ஏறி இறங்கும் கோட்டத்தை முதலிலும், பக்கவாட்டுக் கோட்டத்தைப் பின்னரும் எடுப்பதே நல்ல வரிசை. இரண்டுக்கும் 2 மில்லிமீற்றர் வரை பொதுவாக ஏற்கப்படும் எல்லை. பொறுமையிருந்தால் ஒரு மில்லிமீற்றருக்குள் கொண்டுவரலாம். ஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், பிட்டராக இருந்து ஓய்வு பெற்ற என் சித்தப்பா சாவியைத் தொடவே இல்லை. கம்பிகளை ஒரு ஸ்பேனரால் தட்டிக்கொண்டே போய், மந்தமாக ஒலித்தவற்றை மட்டும் சுட்டிக்காட்டினார். இறுக்கம் குறைந்த கம்பியைக் கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி இல்லை. இந்த வேலையில் நம்பிக்கை இல்லாதவர்கள் கோத்து முடித்த சக்கரத்தைக் கோட்டம் எடுக்க மட்டும் பட்டறைக்குக் கொடுப்பது நல்லது. நடுவும் இறுக்கமும் தவறிய சக்கரத்தோடு கினிகத்தேனை வளைவுகளில் இறங்குவது விளையாட்டல்ல.

டயர் ஏற்றுவது ஒப்பீட்டளவில் சுலபம்: சவர்க்கார நீர், இரண்டு லிவர், அம்புக்குறி சக்கரம் சுழலும் திசையில் இருக்கிறதா என்ற கவனம், மஞ்சள் புள்ளி வால்வுக்கு நேராக. ஏற்றிய பின் செயினுக்கும் டயருக்கும் இடையில் விரல் நுழையும் இடைவெளி எஞ்சியது. ரிம் சில மில்லிமீற்றர் இடப்பக்கம் ஒதுங்கியிருந்தாலும் அந்த இடைவெளி போய்விடும். நடுவை அளந்து எழுதி வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

ஓட்டத்தில் மாற்றம் உண்மையானது, ஆனால் விற்பவர்கள் சொல்லும் வகையில் அல்ல. அகன்ற டயர் போட்டால் தரையைத் தொடும் பரப்பு அப்படியே பெருகிவிடும் என்பது பரவலான நம்பிக்கை. அந்தப் பரப்பைப் பெரும்பாலும் தீர்மானிப்பது சக்கரம் சுமக்கும் பாரமும் உள்ளே இருக்கும் காற்றழுத்தமுமே. அகலம் அந்தப் பரப்பின் வடிவத்தைத்தான் மாற்றுகிறது. ஆகவே அட்டன் வீதியின் ஈரத் தாரில் நான் உணர்ந்த பிடிப்பில் கணிசமான பங்கு புதிய ரப்பருக்கும் ஆழமான டயர்ப் பூவுக்கும் உரியது. பழைய ரிம்மில் புதிய 3.00-17 டயர் போட்டிருந்தாலும் அதில் பாதியாவது கிடைத்திருக்கும். ரிம்முக்கே உரிய நன்மை வேறிடத்தில் தெரிகிறது. டயரின் பக்கச் சுவர் நேராக நிற்பதால், பாரத்தோடு வளைவில் சாயும்போது பின்பகுதி நெளியும் உணர்வு நீங்கிவிட்டது. கல் பாதையின் இடுக்குகளில் சக்கரம் விழுவது வெகுவாகக் குறைந்துவிட்டது. பதிலுக்கு, கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியைச் சாய்க்க முன்னைவிடச் சிறிது அழுத்தம் வேண்டியிருக்கிறது. பிரேக் அதே டிரம் பிரேக்தான். நானுஓயாவிலிருந்து ராதெல்ல குறுக்குப்பாதையில் இறங்குவோர் டயரை நம்பிக் கியரை உயர்த்திவிடக் கூடாது.

முன்சக்கரத்தைப் பற்றி என் அபிப்பிராயம் அவ்வளவு உற்சாகமானதல்ல. டயருக்கும் மட்கார்டுக்கும் இடையிலான இடம் குறைந்துவிட்டதால், மழை நாளில் தோட்டத்துச் செம்மண் அங்கே அடைந்துவிடுகிறது. வட்டவளைப் பக்கம் போன்ற ஓயாத மழைப் பிரதேசங்களில் இது தினசரித் தொல்லையாகவே இருக்கும். இவ்வண்டியின் வேகமானி முன்சக்கரத்திலிருந்து கேபிள் மூலம் இயங்குவதால், சக்கரம் பெரிதானதில் முன்னைவிட ஏறத்தாழ மூன்று சதவீதம் குறைவாகக் காட்டுகிறது. எரிபொருள் செலவும் சிறிது கூடியிருக்கிறது. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கியூஆர் குறியீட்டைக் காட்டி வாரத்துக்கு 4 லீற்றர் பெற்ற நாட்களாக இருந்திருந்தால் இந்த மாற்றத்தை நினைத்தே பார்த்திருக்க மாட்டேன்.

புதிய கம்பிகள் முதல் சில நூறு கிலோமீற்றருக்குள் சற்றுத் தளர்வது இயல்பு. என் சக்கரங்களிலும் தளர்ந்தன, மறுபடி இறுக்கிய பின் நிலைத்துவிட்டன. நிப்பிள்களின் பூச்சுதான் மழைக்குத் தாங்கவில்லை. பின்சக்கரத்தில் அவை துருப்பிடிக்கத் தொடங்கியிருப்பதால், வாங்குபவர்கள் செட்டோடு வருபவற்றை ஒதுக்கிவிட்டு, பித்தளையில் செய்தவற்றைத் தனியாகக் கேட்டுப் பார்க்கலாம். சோடியாக மட்டுமே விற்பதாகச் சொல்லும் கடைகளில்கூடப் பேசிப் பார்த்தால் பின் ரிம்மைத் தனியே தருகிறார்கள். தோட்டப் பாதையில் ஓடும் சி.டி. 100க்கு, முன்சக்கரத்தைப் பழைய அளவிலேயே விட்டுவிட்டு, 2.15 பின் ரிம்மையும் ஒரு நல்ல 90/90-17 டயரையும் மட்டும் வாங்குமாறே கூறுவேன்.