சனல் யாருடைய மெயிலில் திறக்கப்படுகிறது என்று முதலில் பாருங்கள்

வன்னியில் வீடியோ பொட்காஸ்ட் தொடங்க நினைக்கிற தம்பி தங்கச்சிமார் இதை ஒருமுறை வாசித்துவிட்டுப் படம்பிடிப்பவருக்கு முற்பணம் கொடுங்கள்.

எங்கள் திட்டம் பத்துப் பகுதிகள். இரணைமடுத் தண்ணீரை நம்பி வயல் செய்தவர்கள், வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரிக்கும் வழக்கத்தை அறிந்தவர்கள், முல்லைத்தீவுக் கோவலன் கூத்தை ஆடியவர்கள் என்று ஊர்ப் பெரியவர்களை அவர்களின் முற்றத்திலேயே இருத்திப் பேசவைக்க வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் அண்ணா ஒன்றரை லட்சம் ரூபாய் அனுப்பினார். கலியாண வீடியோ எடுக்கும் ஒருவரைப் பிடித்தோம். "அக்கா, நீங்கள் கேள்வியை மட்டும் கேளுங்கோ, மிச்சத்தை நாங்கள் பாக்கிறம்" என்றார். நம்பினேன்.

யூடியூப் சனலைத் தன் மெயிலிலேயே திறந்தார். வேலைக்குச் சுகம் என்றார். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அங்கேதான் எல்லாமே கைவிட்டுப் போனது.

முதல் பதிவு முள்ளியவளையில், கூத்துப் பழக்கும் 81 வயது அண்ணாவியார் ஒருவருடன். இரண்டு மணித்தியாலம் பேசினார், இடையிடையே பாடினார். மத்தளம் இல்லாமல் தொடையில் தட்டித் தாளம் போட்டுக்கொண்டார். படம்பிடித்தவர் ஹெட்போன் போட்டு ஒலியைக் கேட்கவேயில்லை. கொலர் மைக் சால்வையில் உரசிய சத்தம் பாதிப் பாட்டை மூடிவிட்டது. "எடிட்டிங்கில சரி செய்யலாம்" என்றார். அப்படி உரசிய ஒலியை முழுதாகச் சரிசெய்ய முடியாது. பதிவு நடக்கும்போதே ஒருவர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

மூன்று பகுதிகள் வெளிவந்தன. பின்னணியில் சினிமா இசையைப் போட்டிருந்தார், உடனே இசைக்கான பதிப்புரிமைக் கோரல் வந்தது. அப்படி வந்தால் அந்த வீடியோவின் விளம்பர வருமானம் பெரும்பாலும் இசையின் உரிமையாளருக்குத்தான் போகும். ஒரே கிழமையில் 900 சப்ஸ்கிரைபர் ஏறினார்கள், ஆனால் ஒரு கருத்துக்கூட இல்லை. காசு கொடுத்து வாங்கியது என்று பிறகுதான் தெரிந்தது. யூடியூப் அவர்களைக் கழித்துவிட்டது. இப்படியான நீள வீடியோக்களுக்கு விளம்பர வருமானம் வர 1,000 சப்ஸ்கிரைபரோடு 12 மாதத்தில் 4,000 மணித்தியாலப் பார்வையும் வேண்டும். வாங்கிய ஆட்கள் வீடியோ பார்க்கமாட்டார்கள்.

நான் கேள்வி கேட்டதும், முற்பணம் போக மிச்சக் காசை அவர் கேட்டார். மூலப் பதிவைத் தாருங்கள் என்றேன். தரவில்லை. சனலின் பெயரை மாற்றி, எங்கள் மூன்று பகுதிகளையும் எடுத்துவிட்டு, இப்போது அதில் கலியாண வீடியோ போடுகிறார். பொலிஸில் முறைப்பாடு எழுதப் போனால் ஒப்பந்தம் எங்கே என்று கேட்டார்கள். என்னிடம் இருந்தது வாட்ஸ்அப் குரல்பதிவுகள் மட்டும். பற்றுச்சீட்டும் இல்லை.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? சனலை உங்கள் மெயிலில் நீங்களே திறவுங்கள். யூடியூப் ஸ்டூடியோவில் அனுமதிகள் என்ற பகுதிக்குப் போய் படம்பிடிப்பவர்களை எடிட்டராக மட்டும் சேர்த்துவிடுங்கள். வீடியோ ஏற்றலாம், சனலை அழிக்கவோ வேறு ஆளைச் சேர்க்கவோ முடியாது. மூலப் பதிவு யாருக்குச் சொந்தம், எப்போது கைக்கு வரும் என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பம் வையுங்கள். காசைப் பகுதி பகுதியாகக் கொடுங்கள். முக்கியமாக, ஒரு ஹார்ட் டிஸ்க்கோடு படப்பிடிப்புக்குப் போங்கள். 4கே பதிவு ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு கமராவில் 45 ஜிபி வரைகூடப் போகும். அன்றிரவே பிரதி எடுக்காமல் கார்டை அவர்கள் கையில் விடாதீர்கள்.

அண்ணாவியார் மார்கழியில் காலமாகிவிட்டார். "அப்பு பாடினதை ஒருக்கா போட்டுக் காட்டுங்கோ பிள்ளை" என்று அவருடைய மகள் எட்டுச் செலவன்று கேட்டார். ஒலி கெட்டிருந்தாலும் பரவாயில்லை, அந்தப் பதிவுக்காக மிச்சக் காசையும் தருகிறேன் என்று போன கிழமை அந்த ஆளுக்குச் சொல்லி அனுப்பினேன். இன்னும் பதில் வரவில்லை.