பெட்டியில் ‘4கே, 120 ஹெர்ட்ஸ்’ என்று இருந்தால் அப்படியே நம்பிவிடாதீர்கள்

பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் போன்ற வீடியோ கேம் கன்சோலுக்காகப் புது டிவி வாங்கப் போகிறீர்களா? பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

போன மாதம் திருச்சியில் ஒரு பெரிய ஷோரூமில் 55 அங்குல டிவி வாங்கினோம். அதில் பாதிப் பணம் என் தம்பி வேலைக்குப் போய்ச் சேர்த்தது. நாங்கள் கேட்டது ஒன்றுதான்: 4கே (3840 x 2160 புள்ளிகள்) தெளிவிலேயே 120 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 120 படம் கிடைக்குமா? விற்பனையாளர் பெட்டியைத் திருப்பிக் காட்டினார். 4கே, 120 ஹெர்ட்ஸ், எச்டிஎம்ஐ 2.1 (கன்சோலை டிவியோடு இணைக்கும் போர்ட்டின் தரம்) என மூன்றும் பெரிய எழுத்தில் இருந்தன. “அடுத்த பிளேஸ்டேஷன் வந்தாலும் இதே டிவி தாங்கும் சார்” என்றார்.

வீட்டில் மாட்டினால் 4கே-யில் 60 ஹெர்ட்ஸ்தான் வருகிறது. 120 வேண்டுமென்றால் படம் 4கே-யில் கால் பங்கு புள்ளிகளே உள்ள 1080பி-க்கு இறங்கிவிடுகிறது. கேபிள் கன்சோலோடு வந்ததுதான். எல்லா போர்ட்டிலும் செருகி, டிவி செட்டிங்கையும் மாற்றிப் பார்த்தாயிற்று.

விசாரித்ததில் புரிந்தது இது. விலை குறைந்த பல மாடல்களில் பேனல் (படம் காட்டும் திரை) உண்மையில் 60 ஹெர்ட்ஸ்தான். டிஎல்ஜி என்ற முறையில், அடுத்தடுத்த இரண்டு வரிகளுக்கு ஒரே படத்தைக் கொடுத்து வேகத்தை 120 ஆக்குகிறார்கள். 2160 வரிகளில் பாதித் தெளிவு அங்கேயே போய்விடுகிறது. வேறு சில மாடல்களில் எம்இஎம்சி என்று நடுவில் செயற்கைப் படங்களைச் செருகுவதையே 120 என்று சொல்லி விற்கிறார்கள். அது கிரிக்கெட் பார்க்க உதவலாம். விளையாட்டில் பட்டனை அழுத்தியதற்கும் திரையில் நடப்பதற்கும் நடுவே தாமதம்தான் கூடும்.

எச்டிஎம்ஐ 2.1 என்ற பெயரும் உத்தரவாதம் இல்லை. அதில் உள்ள வசதிகள் எல்லாம் கட்டாயமல்ல. 4கே 120 இல்லாத டிவிக்கும் அந்தப் பெயரைப் போடலாம் என்பது 2021 கடைசியிலேயே வெளியில் வந்துவிட்டது. சாதாரண ஆள் இதையெல்லாம் எப்படித் தெரிந்துகொள்வார்? அதுதான் எனக்கு ஆத்திரம்.

கஸ்டமர் கேரில் சொன்ன பதில்: “120 ஹெர்ட்ஸ் என்றுதான் போட்டிருக்கிறோம், 4கே-யில் 120 என்று போடவில்லை.” கடையிலோ, பெட்டி திறந்தாயிற்று, திரும்ப எடுக்க மாட்டோம் என்றார்கள். அதோடு விடவில்லை. இதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்து, மேலே பணம் போட்டு 8கே டிவி எடுத்துக்கொள்ளுங்கள், வரப்போகும் கன்சோல் எல்லாம் 8கே-தான் என்றார்கள்.

தயவுசெய்து இந்தப் பேச்சில் விழாதீர்கள். 2020-இல் வந்த பிளேஸ்டேஷன் 5 பெட்டியில் 8கே முத்திரை இருந்தது. 2024-இல் புதிய பெட்டிகளில் அது காணாமல் போனது. 2024 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5 ப்ரோவிலும் விரல்விட்டு எண்ணும் ஆட்டங்களே 8கே-யில் ஓடுகின்றன. 8கே என்றால் 4கே-யைப் போல நான்கு மடங்கு, சுமார் 3.3 கோடி புள்ளிகள். இன்னும் வராத கன்சோல் என்ன தரும் என்று எந்த விற்பனையாளரும் சொல்ல முடியாது.

முடிந்தால் கன்சோலைக் கடைக்கே கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள். பிளேஸ்டேஷன் 5-இல் ஸ்கிரீன் அண்ட் வீடியோ பகுதிக்குள் வீடியோ அவுட்புட் இன்ஃபர்மேஷன் இருக்கிறது. 3840 x 2160-க்கு நேரே 120 ஹெர்ட்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸில் ‘4கே டிவி டீடெய்ல்ஸ்’ பக்கமே எது முடியும், எது முடியாது என்று காட்டிவிடும். அப்புறம், டிவியில் உள்ள எச்டிஎம்ஐ போர்ட்டுகளில் எத்தனை முழு வேகம் தரும் என்றும் கேளுங்கள். சில டிவிகளில் சவுண்ட்பாருக்கான போர்ட்டும் அதில் ஒன்றாக இருக்கும். கடைக்காரர் வாயால் சொல்வதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

நாங்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறோம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது. பில், பெட்டியின் நான்கு பக்கப் படம், கன்சோல் காட்டிய திரையின் படம் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறோம். இதே மாதிரி ஏமாந்தவர்கள் 2 வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.