நாய்க்கு தோல் சிவப்பு அளக்கற மெஷின்னு சொல்லி எங்கள ஏமாத்துனது, கோபி ஈரோடு பக்கம் நாய் வளக்கறவங்க தயவுசெஞ்சு படிங்க

எங்குளுது கோபி பக்கமுங்க, தோட்டத்துச் சாளைல குடியிருக்கறோம். போன சித்திரைல ராஜபாளையம் குட்டி ஒண்ணு வாங்கிட்டு வந்தோம், ராசுன்னு பேரு வெச்சோம். அந்த ஜாதி நாய்க்கு தோலு ரோஸ் கலர்ல இருக்கும், முடியும் வெள்ளை, அதனால கொஞ்சம் சிவந்தாலும் பளிச்சுனு தெரிஞ்சுரும். புரட்டாசில முன்னங்கால்லயும் ஒதட்டோரமும் சிவப்பு சிவப்பா வந்து, கண்ண சுத்தி முடி கொட்ட ஆரம்பிச்சுது. எங்கத்தை வேப்பெல அரைச்சு பூசிப் பாத்தாங்க, கேக்கல. சரின்னு ஈரோட்டுப் பக்கம் ஒரு பெட் கிளினிக்குக்கு கூட்டிட்டு போனோம். பேரு சொல்லல, ஆனா நடந்தத முழுசா சொல்றேன்.

போனதும் முன்னங்கால்ல கிளிப்பர் போட்டு முடிய ஒட்ட எடுத்தாங்க, ஸ்பிரிட் பஞ்சு வெச்சு நல்லா தேச்சாங்க, தேச்ச கையோட போன்ல ஒரு லென்ஸ மாட்டி படம் புடிச்சு "சிவப்பு ஸ்கோர் 64, இது கடுமையான அலர்ஜிங்க மேடம், கண்ணால பாத்து சொல்றதெல்லாம் பழைய காலம், இது சயின்டிபிக்கா அளக்கறது"ன்னாங்க. ஆறு வாரம் பேக்கேஜ் 8,500 ரூபா. ஊசி, மாத்திரை, ஷாம்பு, வாரா வாரம் ஸ்கோர். நம்பர்னு ஒண்ணு கண்ணுல காட்டுனா நம்ப தோணுதுங்க, நானும் ஊட்டுக்காரரும் அங்கயே கட்டிட்டோம். தோல சுரண்டி மைக்ராஸ்கோப்புல பாக்கவே இல்ல. அப்படி ஒரு டெஸ்ட் இருக்குதுன்னே அப்ப எங்களுக்கு தெரியாது.

ரெண்டாவது வாரம் 38. மூணாவது வாரம் 29. நெஜமாவே சிவப்பு கொறஞ்ச மாதிரிதான் இருந்துச்சு. ஆனா ராசு தண்ணி தண்ணியா குடிக்குது, அடிக்கடி ஒண்ணுக்கு போகுது, முடி கொட்டறது கண்ணு பக்கத்துல இருந்து கழுத்து வரைக்கும் போயிருச்சு, முதுகுல சின்ன சின்னதா சீழ்க்கட்டி. இத சொன்னா "ஸ்கோர் எறங்குதுங்களே, அப்பறம் என்ன"ன்னு அதையே திருப்பி திருப்பி காட்டுனாங்க.

அஞ்சாவது வாரம் போயிருந்தப்ப கரண்ட் போயிருச்சு. உள்ள இருட்டா இருக்குதுன்னு ஜன்னலோரமா நிறுத்தி படம் புடிச்சாங்க, 47ன்னு வந்துச்சு. படம் புடிச்ச பையன் மொகமே மாறிருச்சு. பத்து நிமிசத்துல கரண்ட் வந்ததும் டியூப்லைட்டுக்கு அடில வெச்சு அதே கால்ல அதே எடத்துல எடுத்தாங்க, 21. சீட்டுல 21ன்னு மட்டும் எழுதுனாங்க. பத்து நிமிசத்துல எந்த நாய்க்குங்க தோல் அப்படி ஆறும்? அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கமே இல்ல.

அடுத்த நாள் விடியக்காலைல வண்டி புடிச்சு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போனோம். அங்க இருந்த டாக்டரம்மா தோல கிள்ளிப் புடிச்சு, பிளேடுல எண்ண தொட்டு லேசா ரத்தம் கசியற வரைக்கும் சுரண்டி மைக்ராஸ்கோப்புல வெச்சாங்க, என்னயும் கூப்பிட்டு பாக்கச் சொன்னாங்க. சுருட்டு மாதிரி நீளமா, குட்டை குட்டையா எட்டு காலோட பூச்சிங்க, ஒண்ணு ரெண்டு இல்ல, கொத்து கொத்தா. டெமோடெக்ஸாமா. பொறந்த கொஞ்ச நாள்லயே தாய்கிட்ட இருந்து குட்டிக்கு ஒட்டிக்குமாம், எல்லா நாய் தோல்லயும் கொஞ்சம் இருக்கும், எதிர்ப்பு சக்தி கொறஞ்சா பெருகிருமாம். அப்பறம் கிளினிக்கு சீட்ட வாங்கிப் பாத்துட்டு "இது ஸ்டீராய்டுங்க"ன்னாங்க. எனக்கு கை கால் ஆடிப்போச்சு.

அவங்க பொறுமையா வெளக்குனாங்க. ஸ்டீராய்டு போட்டா ரத்தக்கொழாய் சுருங்கும், சிவப்பு கொறையும், நம்பர் எறங்கும். அதே மருந்து எதிர்ப்பு சக்தியையும் அமுக்கறதால உள்ள பூச்சி பெருகிட்டே போகும். இவங்க காட்டுன ஸ்கோரு எறங்க எறங்க எங்க ராசுக்கு சீக்கு ஏறிட்டு இருந்திருக்குது. இத நெனச்சா இன்னமும் வயிறு எரியுதுங்க.

தோல் சிவப்ப அளக்கறதே பொய்யான்னு கேட்டேன். இல்லைங்களாம். நெஜமான கருவி இருக்குது, அது தன்னோட வெளிச்சத்தயே தோலுக்குள்ள அடிச்சு எவ்வளவு திரும்பி வருதுன்னு பாக்கும். ரத்தம் பச்சை வெளிச்சத்த நல்லா உறிஞ்சிக்கும், சிவப்ப அவ்வளவா உறிஞ்சாது, அந்த வித்தியாசத்த வெச்சு கணக்கு போடும். அதுக்கே ஆயிரம் பக்குவம் வேணும். முடி எடுத்த ஒடனே அளக்கக்கூடாது, கிளிப்பர் ஒரசுனதே சிவப்பா காட்டும், வெயில்ல ஓடி வந்த நாய கொஞ்சம் ஆற விடணும், அழுத்தி வெச்சா ரத்தம் வெலகி நம்பர் கொறையும், கருப்புத் தோலா இருந்தா அந்தக் கருப்பே கணக்க கொழப்பும். போன் கேமராவோ வெளிச்சத்துக்கு தக்கன தானாவே கலர மாத்திக்கும். மொத நாளு எங்க ராசுக்கு முடி எடுத்து ஸ்பிரிட் போட்டு தேச்சு 64 வர வெச்சதும், அதுக்கப்பறம் ஒரு தடவ கூட கிளிப்பர் போடாததும் அப்பத்தான் எனக்கு ஒறைச்சுது.

அலர்ஜி நாய்க்கு டாக்டருங்க ஆராய்ச்சில கேடெசி 4ன்னு ஒரு மொற வெச்சிருக்காங்களாம், 2014ல வந்தது. ஒடம்புல 20 எடம், ஒவ்வொண்ணுலயும் சிவப்பு, தோல் தடிச்சது, முடி கொட்டுனது இல்லைன்னா சொறிஞ்ச காயம், மூணுக்கும் 0ல இருந்து 3 வரைக்கும் மார்க்கு, மொத்தம் 180. ஒரு கால்ல ஒரு படம் புடிச்சு முடிக்கற வேலை இல்ல. நாய் எவ்வளவு சொறியுதுன்னு வளக்கறவங்க 0ல இருந்து 10க்குள்ள சொல்றதுக்குன்னே தனியா ஒரு ஸ்கேல் இருக்குதாம். நாங்க சொன்னத அந்தக் கிளினிக்குல காதுலயே போட்டுக்கல.

டாக்டரம்மா இன்னொண்ணும் காட்டுனாங்க, இத உண்ணி தொல்லை இருக்கற தோட்டத்துக்காரங்க அவசியம் தெரிஞ்சுக்கோணும். சிவந்த எடத்துல ஒரு கண்ணாடித் துண்ட வெச்சு அமுக்கிப் பாக்கோணும், வெளுத்தா ரத்தக்கொழாய் விரிஞ்சிருக்குதுன்னு அர்த்தம், வெளுக்காம அப்படியே இருந்தா தோலுக்கடில ரத்தம் கசிஞ்சிருக்குது, உண்ணிக் காச்சல்லயும் அப்படி வரும், ஒடனே ரத்தம் டெஸ்ட் பண்ணோணும். சும்மா சிவப்ப மட்டும் எண்ணுற போனுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

இப்ப ஸ்டீராய்டு மாத்திரைய கொஞ்சங் கொஞ்சமா கொறச்சு நிறுத்தியாச்சு, போட்ட ஊசிய திருப்பி எடுக்க முடியாதே. எடைக்கு தக்கன பூச்சி மாத்திரை மாசத்துக்கு ஒண்ணு, சீழுக்கு தனி ஷாம்பு. ஒரு மாச எடவெளில ரெண்டு தடவ சுரண்டிப் பாத்து பூச்சி இல்லைன்னு வந்தாத்தான் நிறுத்துவாங்களாம். போன வாரம் மொத தடவையா ஒண்ணுமில்லைன்னு வந்துச்சு, கழுத்துல பூனை மசுரு மாதிரி முடி மொளைக்குது. கிளினிக்குல பணத்த திருப்பிக் கேட்டதுக்கு "ஸ்கோர் கொறஞ்சுதுங்களே"ன்னுதான் பதில் வந்துச்சு. கரண்ட் போன அன்னிக்கு 47ன்னு காட்டுனத ஊட்டுக்காரரு போன்ல புடிச்சு வெச்சிருக்காரு, சீட்டும் பத்திரமா இருக்குது, நுகர்வோர் கோர்ட்ல மனு குடுக்க எழுதிட்டு இருக்கறோம். இதே மாதிரி பேக்கேஜுக்கு காசு கட்டுனவங்க யாராவது இருந்தா சீட்ட தூக்கிப் போட்டுறாதீங்க, நாயோட தோல சுரண்டிப் பாத்தாங்களான்னு மொதல்ல கேளுங்க.