நட்டஈட்டுச் சேவை: விழுந்தவருக்குத் தாராளம், புகை குடித்தவருக்குக் கஞ்சத்தனம்

மட்டக்களப்பிலும் கல்முனையிலும் மாநகர சபைத் தீயணைப்பு வண்டியில் ஏறுகிற ஆட்களுக்கு வேலையால் வருத்தம் வந்தால் இருக்கிற முக்கியமான வழி, 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம். ஏணியால் விழுந்து கால் முறிந்தவருக்கு இது நல்ல சேவை. குப்பைமேட்டுப் புகையை வருடக்கணக்காகக் குடித்து நெஞ்சு அடைத்தவருக்கு அரைவாசி மூடின கதவு. ஐந்துக்குப் புள்ளி போடச் சொன்னால் காயத்துக்கு நாலு, நோய்க்கு ஒன்றரை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். சபையின் கவனயீனத்தை நிரூபிக்கத் தேவையில்லை; வேலையின்போது, வேலையின் காரணமாக வந்த காயம் என்றால் போதும். 2022ஆம் ஆண்டுத் திருத்தம் உச்சத் தொகையை 550,000 ரூபாவிலிருந்து 20 இலட்சமாக உயர்த்தியது. வேலைக்குப் போய்வரும் வழியில் நடக்கும் விபத்தையும் சேர்த்தது. கொடுப்பது அரச நிதியம் அல்ல, வேலைகொள்வோர். அதனால் எதிர்த்தரப்பில் நிற்கப்போவது உங்கள் சபையே. அரச ஊழியர் விதிகளான தாபன விதிக்கோவையில் உள்ள விபத்து விடுமுறை வேறு விசயம். லீவு கிடைத்ததால் நட்டஈடும் வந்துவிடும் என்று இருந்துவிட வேண்டாம்.

சிக்கல் நோயில்தான். சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, தொழில்சார் நோய்களை அவை வருகிற வேலைகளோடு சேர்த்துப் பட்டியலிடுகிறது: ஈயம், பாதரசம் போன்றவற்றின் நஞ்சேற்றம், கால்நடைகளிலிருந்து தொற்றும் அந்திராக்ஸ் என்று. அது பட்டறையையும் தோல் பதனிடுகிற இடத்தையும் பார்த்து எழுதின பட்டியல். தண்ணீர்க் குழாய் பிடிக்கிறவர் யாருடைய கண்ணிலும் படவில்லை. பட்டியலுக்கு வெளியே உள்ள நோய் என்றால், அது ஒரு குறிப்பிட்ட விபத்துக் காயத்தால் நேரடியாக வந்தது என்று காட்டவேண்டும். திகதி, இடம், நேரம் மூன்றும் கேட்பார்கள். புற்றுநோய் திகதி சொல்லிக்கொண்டு வருவதில்லை.

ஆகவே ஒவ்வொரு புகைச் சம்பவத்தையும் அன்றைக்கே ‘விபத்தாக’ எழுத்தில் ஏற்றவேண்டும். இங்கேதான் ஆட்கள் கோட்டைவிடுகிறார்கள். மூச்சு முட்டித் தலையிடியோடு வைத்தியசாலைக்குப் போனால் இரத்தத்தில் ஒட்சிசன் பார்க்கும் ஒக்சிமீட்டரை விரலில் மாட்டுவார்கள். அது 98 வீதம் காட்டும். துண்டில் ‘நோமல்’ என்று எழுதி அனுப்புவார்கள். புகையிலுள்ள காபனோரொட்சைட்டு என்ற நச்சுவாயு ஏறின இரத்தத்தையும் ஒட்சிசன் ஏறின இரத்தத்தையும் சாதாரண ஒக்சிமீட்டரால் பிரித்தறிய முடியாது. காபொக்சிஹீமோகுளோபின் அளவு (அந்த வாயு ஏறின இரத்தத்தின் பங்கு) என்று பெயர் சொல்லியே இரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள். அதுவும் சுணங்காமல்: வெறும் காற்றைச் சுவாசித்தால் நாலைந்து மணித்தியாலத்தில் அளவு பாதியாகும், முழு ஒட்சிசன் கொடுத்தால் ஒன்றரை மணித்தியாலத்துக்குள்ளேயே பாதியாகும். ஒட்சிசன் பிடித்து முடிந்தபிறகு எடுத்த இரத்தம் உங்களுக்குச் சாட்சி சொல்லாது. சிகிச்சையை மறிக்க வேண்டாம். ஊசி குத்தும்போதே ஒரு குழாய் இரத்தம் எடுக்கச் சொன்னால் போதும்.

அடுத்தது நிலையத்து லொக் புத்தகம். ‘குப்பைத் தீ, அணைக்கப்பட்டது’ என்ற ஒற்றை வரியால் பிரயோசனம் இல்லை. என்ன எரிந்தது (ஸ்பொஞ்ச் மெத்தை என்றால் ஐதரசன் சயனைட்டு என்ற நச்சுவாயு வரும்), எத்தனை மணித்தியாலம், சாம்பல் கிளறும்போது முகமூடி இருந்ததா என்று எழுதவேண்டும். சுவாசக் காற்றுச் சிலிண்டர் காலி என்றால் ‘காலி’ என்றே எழுதுங்கள். பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்று கழற்றினார் என்று காட்டி வேலைகொள்வோர் தப்ப சட்டம் இடம் வைத்திருக்கிறது. அந்த ஒரு சொல் அந்த வாசலைச் சாத்தும். 6 லீற்றர், 300 பார் சிலிண்டரில் ஏறக்குறைய 1,800 லீற்றர் காற்று. கடும் வேலையில் நிமிடத்துக்கு 60 லீற்றர் இழுத்தால் அரை மணித்தியாலம், காற்று முடியப்போகிறது என்று விசில் அடிக்கும் கடைசி மிச்சத்தைக் கழித்தால் அதிலும் குறைவு. திருப்பெருந்துறைக் குப்பைமேடு போன்ற இடத்துத் தீ அரை மணித்தியாலத்தில் அணைகிறதா? துணி முகமூடி வாயுவை மறிக்காது. என்95 தூசைப் பிடிக்கும், காபனோரொட்சைட்டை விட்டுவிடும்.

அஸ்பெஸ்டஸ் கூரை எரிந்த வீடுகளுக்குத் தனிக் கொப்பி போடுங்கள். சூட்டில் அந்தத் தகடு வெடித்துச் சிதறும், நார் பறக்கும். அந்த நாரால் நெஞ்சுச் சவ்வில் வரும் புற்றுநோயான மீசொதீலியோமா தெரியவர 20 முதல் 50 வருடமும் ஆகலாம், அதற்குள் பென்சனே எடுத்துவிடுவீர்கள். (2018இல் தொடங்கவிருந்த அஸ்பெஸ்டஸ் இறக்குமதிக் கட்டுப்பாட்டை, அஸ்பெஸ்டஸ் விற்கிற ரஷ்யா நம்முடைய தேயிலையை வாங்குவதை நிறுத்தினதும் அரசாங்கம் தள்ளிப்போட்டது. தேயிலைப் பெட்டிக்குள் இருந்த ஒரு வண்டு நம்முடைய கூரையைக் காப்பாற்றிவிட்டது.)

வேலையில் சேர்ந்த வருடமே ஸ்பைரோமெற்றி (மூச்சின் அளவு பார்க்கும் பரிசோதனை) ஒன்றும் நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றும் எடுத்து பைலில் வையுங்கள். பிறகு சுவாசம் குறைந்தது என்று சொல்ல, முதலில் எவ்வளவு இருந்தது என்ற கணக்கு வேண்டும். டயக்னோசிஸ் கார்டில் ‘சுவாச நோய்’ என்று மட்டும் இருந்தால் போதாது. ‘தீயணைப்புப் புகையோடு தொடர்புடையது’ என்று விசேட வைத்திய நிபுணரிடம் கடிதம் கேளுங்கள். விபத்து, நோய் பற்றிச் சபைக்குக் கொடுக்கும் அறிவித்தலைப் பதிவுத் தபாலில் அனுப்பிச் சிட்டையை வையுங்கள். அமைய ஊழியர் என்றால் நியமனக் கடிதமும் சம்பளச் சீட்டும் கட்டாயம் கையில் இருக்கவேண்டும்.

கனடாவின் மனிடோபா மாகாணம் 2002இலேயே சில புற்றுநோய்களை, மறுத்து நிரூபிக்கும்வரை, தீயணைப்பு வேலையால் வந்தவை என்று எடுத்துக்கொண்டது. 2007இல் ஒன்ராறியோ. ரொறன்ரோவில் இருக்கிற சொந்தக்காரரிடம் கேட்டால் அங்கத்தைய நடைமுறையைச் சொல்வார்கள். 2022இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் தீயணைப்பு வேலையையே முதலாம் தரப் புற்றுநோய்க் காரணியாக வகைப்படுத்தியது. மீசொதீலியோமாவுக்கும் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கும் போதிய சான்று உண்டு என்றது. நம்முடைய சட்டத்தில் அந்த அனுமானம் இல்லை. இருந்தாலும் அந்த அறிக்கையின் பிரதியை வைத்தியரின் கடிதத்தோடு இணைப்பது நல்லது. எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

காசுப் பக்கம் இரண்டு சங்கதி. சபையோடு பேசித் தீர்த்தால் உடன்படிக்கையை, இந்தச் சட்டத்தை நடத்துகிற நட்டஈட்டு ஆணையாளரிடம் பதியவேண்டும். கைக்குக் கை வாங்கிய தொகையை நம்பி இருக்க முடியாது. ஆள் இறந்திருந்தால் சபை பணத்தை வீட்டுக்காரரிடம் நேரே கொடுப்பதல்ல, ஆணையாளரிடம் வைப்பிலிடவேண்டும். தங்கிவாழ்வோருக்குப் பங்கிடுவது அவர். அதனால் திருமணச் சான்றிதழும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களும் முதலே ஒழுங்காக இருக்கட்டும். ஆணையாளர் அலுவலகம் கொழும்பில். ஒரு சான்றிதழில் பெயரின் எழுத்து மாறியிருந்தாலே இன்னொரு இரவு ரயில்.